போக்கிடம் இல்லாத பதினெட்டு வயது

(இளைஞர் மன்றங்களுக்கும் பங்குச் சபைகளுக்குமான கற்கை)

யோசேப்புக்கு அப்போது பதினேழு வயது. தொடக்க நூலின் 37ஆம் அதிகாரம் அவருடைய வயதைச் சொல்லித்தான் கதையையே ஆரம்பிக்கிறது. சொந்தச் சகோதரரே அவரைக் குழியில் தள்ளினார்கள். பின்னர் இருபது வெள்ளிக் காசுக்கு வழிப்போக்கரான வணிகரிடம் விற்றார்கள். அதே நூலின் 41ஆம் அதிகாரத்தில், பார்வோன் மன்னனின் முன்னே அவர் நிற்கும்போது வயது முப்பது என்று எழுதப்பட்டிருக்கிறது. இடையிலே பதின்மூன்று ஆண்டுகள்.

மறைக்கல்வி வகுப்பிலே நாம் பிள்ளைகளுக்குச் சொல்லுவது பல நிற அங்கியையும் கனவுகளையும். அங்கிருந்து ஒரே தாவலில் அரண்மனைக்குப் போய்விடுகிறோம். அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் யோசேப்பு யார்? அந்நிய ஊரில் ஒருவர் வீட்டு வேலைக்காரன். அவ்வீட்டுப் பெண் சொன்ன ஒரு சொல்லுக்காக விசாரணையின்றிச் சிறைக்குப் போனவன். “எனக்காக ஒரு வார்த்தை பேசுங்கள்” என்று கேட்டுக்கொண்ட மனிதரும் வெளியே போனதும் அவனை மறந்துவிட்டார். இரண்டு முழு ஆண்டுகள் மறந்திருந்தார் என்று வேதம் கணக்கே சொல்லுகிறது. இன்றைய பேச்சில் சொன்னால், யோசேப்பு வீடற்ற ஓர் இளைஞன்.

இத்தகைய யோசேப்புகள் நமது துறைமுகப் பட்டினத்திலும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நாம் ஒன்றாக இருந்து சிந்திப்பதற்கே இக்கற்கை எழுதப்படுகிறது.

எவரை வீடற்றவர் என்கிறோம்?

தமிழிலே வீடு என்பது பெரிய சொல். அறம், பொருள், இன்பம், வீடு என்று மனித வாழ்வின் முடிவையே அந்தச் சொல்லால் குறித்தார்கள் முன்னோர். நமது மூதாதையரான கிறிஸ்தவர்களும் வான்வீடு, மோட்ச வீடு என்று செபித்தார்கள். அதே வாயால் ‘வீடு வாசல் இல்லாதவன்’ என்று ஏசவும் செய்கிறோம். தங்க இடமில்லாத பொடியனுக்கு நம்மிடம் உள்ள பெயர்களைப் பாருங்கள்: காவாலி, தறுதலை, ஊர்சுற்றி. எல்லாம் அவனுடைய காலையும் குணத்தையும் குறைகூறும் பெயர்கள். ‘போக்கிடம் அற்றவன்’ என்ற ஒரு சொல் மட்டுமே குற்றத்தை அவன் தலையில் போடாமல், போக ஓர் இடம் இல்லை என்ற உண்மையைச் சொல்லுகிறது. இக்கற்கையில் அந்தச் சொல்லையே பயன்படுத்துவோம்.

போக்கிடம் அற்றவன் என்றவுடன் பஸ் நிலையத்து வாங்கில் படுத்திருக்கும் ஒருவனை நினைக்கிறோம். அவன் உண்மைதான், ஆனால் சிறு பகுதி. கரையிலே இழுத்து வைத்த வள்ளத்துக்குள் சாக்கை விரித்துப் படுப்பவன், மீன்வாடியில் வலையைக் காவல் காப்பது என்ற பெயரில் அங்கேயே குடியிருப்பவன், உணவுக் கடையின் பின்கட்டில் மாவு மூட்டைகளுக்கு நடுவே உறங்குபவன், கராஜில் பழுதான வானின் பின் ஆசனத்தை வீடாக்கிக் கொண்டவன், ஒரு மாதம் பெரியம்மா வீடு, அடுத்த மாதம் சிநேகிதன் வீடு என்று விறாந்தை மாறி விறாந்தை போகிறவன் ஆகிய இவர்களும் அப்படியே. இவர்களை எந்தக் கணக்கெடுப்பாளரும் காண்பதில்லை. கேட்டால் ஒருவன் ‘தொழிலாளி’, மற்றவன் ‘விருந்தாளி’. அதனால்தான் ‘எங்கள் பங்கிலே அப்படி ஒருவரும் இல்லை’ என்று நாமும் மனச்சாட்சி உறுத்தாமல் சொல்லிவிடுகிறோம்.

இந்த ஊரும் வீடும்

திருகோணமலையில் இளைஞர் போக்கிடம் இழந்தது இன்று நேற்றுத் தொடங்கிய கதையன்று. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்று புகழப்படும் உட்துறைமுகத்தைப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரான்சியர், ஆங்கிலேயர் என எல்லோரும் விரும்பினார்கள். 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது பட்டினத்து மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது; நாட்டுக்கு அது பெருமை, ஆனால் தளத்தையே நம்பிச் சீவித்த குடும்பங்கள் பலவற்றுக்கு அடுப்பு அணைந்த காலமும் அதுவே.

அதன் பின் வந்தவற்றை இங்குள்ளவர்களுக்கு விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1983 கலவரம். 1984 முடிவில் தென்னமரவாடி மக்கள் ஊரோடு எழுந்து போனார்கள். 1990 யூனில் மீண்டும் யுத்தம். காட்டுவழியாக முல்லைத்தீவுக்கும் கடல்வழியாக இந்தியாவுக்கும் போனவர்கள் எத்தனை பேர்! 2006இல் மாவிலாறு, மூதூர், சம்பூர். 2007இல் சம்பூர்ப் பகுதி உயர் பாதுகாப்பு வலயம் என அறிவிக்கப்பட, அம்மக்கள் கிளிவெட்டி முதலிய இடைத்தங்கல் முகாம்களில் காத்திருந்தார்கள். காணிகள் 2015இலும் அதன் பின்னருமே விடுவிக்கப்பட்டன. 2006இல் பத்து வயதாயிருந்த ஒரு பிள்ளை ஊர் திரும்பும்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. முகாமிலே பருவம் அடைந்து, முகாமிலே மீசை முளைத்து, முகாமிலே பள்ளிக்கூடத்தை விட்டவன் அவன். அவனுக்கு ஊரென்பது பெரியவர்கள் சொன்ன கதை மட்டுமே.

இவற்றுக்கு நடுவே சுனாமி. 2004 டிசெம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருநாள். அன்றைய திருப்பலிக்குரிய நற்செய்தி எது என்பதை நினைவுகூர்ந்து பாருங்கள்: பாலகனைத் தூக்கிக்கொண்டு சூசையப்பரும் மாதாவும் இரவோடிரவாக எகிப்துக்கு ஓடிய பகுதி. ஓடிப்போன குடும்பத்தின் கதை ஆலயங்களில் வாசிக்கப்பட்ட அந்தக் காலை வேளையிலே, ஏறக்குறைய ஒன்பது மணிக்கு, கடல் ஏறி வந்தது. திருக்கடலூரிலிருந்து கிண்ணியா, மூதூர் வரை கரையோரம் சிதைந்தது.

ஆயுதம் ஏந்திய பக்கங்கள் அக்காலத்தில் வயது வராத பிள்ளைகளைச் சேர்த்தன என்பதும் மறைக்கக்கூடியதன்று. போக்கிடமற்ற பிள்ளைக்குச் சோறும் படுக்கையும் ஒரு பெயரும் கொடுத்தவர் எவரோ, அவர் பின்னால் அவன் போனான். இன்று ஆயுதம் இல்லை; அந்த இடத்திலே போதைப்பொருள் விற்பவன் நிற்கிறான். அவனுக்கும் தேவைப்படுவது தேடுவாரற்ற பிள்ளையே.

இல்லங்களின் வாசலில்

இனி நம் வீட்டுக்குள்ளேயே வருவோம். இவ்விடத்திலே வாசகர் சிலருக்குக் கோபம் வரலாம்.

யுத்தமும் சுனாமியும் வறுமையும் பிள்ளைகளைச் சிறுவர் இல்லங்களுக்கு அனுப்பின. அரசினர் இல்லங்கள் சில. பெரும்பாலானவை சமய நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் நடத்துபவை. இரவு பகல் பாராது உழைத்த அருட்சகோதரிகளை நாம் அறிவோம். அவர்கள் இல்லாதிருந்தால் உயிரோடே இருந்திராத பிள்ளைகள் உண்டு. அதைச் சொல்லிவிட்டே அடுத்ததைச் சொல்லவேண்டும். இலங்கையில் இல்லங்களில் வளரும் பிள்ளைகளுள் மிகப் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிருடன் இருக்கிறார்கள். பிள்ளை அங்கே வந்தது பெரும்பாலும் சாவினால் அன்று, இல்லாமையினால்: தாய் வெளிநாட்டில் வீட்டுவேலை, தகப்பன் குடி, ஓலைக் கொட்டிலில் வளர்ந்த பெண்பிள்ளை, பள்ளிக்கூடம் போக பஸ் காசு இல்லை. ஒரு குடும்பத்துக்கு மாதந்தோறும் சிறு உதவி கொடுத்திருந்தால் அப்பிள்ளை அம்மாவின் பாயிலேயே உறங்கியிருக்கும். ஆனால் நமக்குக் கட்டடம் பிடிக்கும். அத்திவாரக் கல்லுக்கு ஒரு விழா, திறப்புக்கு ஒரு விழா, நன்கொடையாளரின் பெயர் பொறித்த பலகை. பிறந்த நாளுக்கு இல்லத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்து, அவர்கள் வரிசையாக நின்று பாட்டுப் பாட நாம் படம் எடுத்துக்கொள்ளுகிறோம். பத்தொன்பது வயதுப் பொடியன் ஒருவனுக்கு அறை வாடகைக்குப் பிணை நின்றதற்காக எந்தச் சுவரிலாவது யாருடைய பெயராவது பொறிக்கப்பட்டிருக்கிறதா?

சட்டம் சொல்லுவதைப் பார்ப்போம். 1989ஆம் ஆண்டின் திருத்தத்தோடு இலங்கையில் ஒருவர் பதினெட்டு வயதில் முழு வயதினர் ஆகிறார். சிறுவர் இல்லத்தின் பொறுப்பும் அன்றோடு முடிகிறது. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் கோவையும் மூடப்படும். குடும்பத்திலே வளரும் பிள்ளைக்குப் பதினெட்டாம் பிறந்த நாள் கேக் வெட்டும் நாள். இல்லத்துப் பிள்ளைக்கு அது பை கட்டும் நாள்.

அப்படிப்பட்ட ஒரு பிள்ளையை மனத்தில் நிறுத்துவோம். எந்த ஒருவரையும் குறிப்பதன்று. பலரிடம் நடப்பதை ஒருவனில் வைத்துப் பார்க்கிறோம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டான். பையிலே இரண்டு காற்சட்டை, சான்றிதழ்கள், இல்லத்து ஆண்டு விழாவில் எடுத்த ஒரு படம். மூதூர்ப் பக்கத்தில் மாமன் முறையான ஒருவர் இருக்கிறார். அவருடையது தொண்டு நிறுவனம் கட்டிக்கொடுத்த ஒற்றை அறை வீடு; மூன்று குமர்ப்பிள்ளைகள். மாமிக்கு மனமில்லாமல் இல்லை, இடமில்லை. அயல்வீட்டு வாயையும் பார்க்கவேண்டும். இரண்டு கிழமை விறாந்தையில் படுத்தான். மூன்றாம் கிழமை, “தம்பி, எங்கயாவது ஒரு வேலையப் பாருங்கோவன்” என்றார் மாமன். வெட்கத்தோடுதான் சொன்னார்.

வேலை கிடைத்தது. சித்திரைக்குப் பின் உப்புவெளி, நிலாவெளிக் கரையில் உல்லாசப் பயணிகளின் காலம் தொடங்கும். விடுதிகளுக்கு ஆள் வேண்டும். சாப்பாடும் படுக்கையும் அங்கேயே. மேற்குக் கரையிலிருந்தும் மீனவர் வந்து வாடி அடிக்கும் காலம் அது. கரையெங்கும் கைக்கு வேலை. பொடியன் ஐப்பசி வரைக்கும் தலை நிமிர்ந்து நடந்தான். பிறகு வாடைக்காற்று. மழை பிடித்ததும் பயணிகள் போய்விட்டார்கள், விடுதி ஆட்களை நிறுத்தியது, வாடிகளும் பிடுங்கப்பட்டன. மற்றவர்களுக்கு அன்று போனது வேலை மட்டும். இவனுக்கு ஒரே நாளில் வேலையும் போனது, படுக்கையும் போனது. கிழக்குக் கரையிலே போக்கிடமின்மைக்கு ஒரு பருவம் உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்த்திருக்கிறோமா? கூரை மிகவும் தேவைப்படும் மாரி மாதத்திலேதான் இங்கே கூரை பறிபோகிறது.

அறை எடுக்கலாமே என்பீர்கள். “ஆற்ற பொடியன்? எந்த ஊர்? தகப்பன் என்ன செய்யிறார்?” இந்த மூன்று கேள்விக்கும் அவனிடம் நல்ல பதில் கிடையாது. சில மாத வாடகையை முன்பணமாகக் கேட்பார்கள், அதுவும் இல்லை. வேலைக்கு விண்ணப்பிப்போம் என்றால் படிவத்தின் இரண்டாவது வரியே ‘நிரந்தர முகவரி’. கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று வேண்டும். எந்தப் பிரிவில் வதிகிறான் அவன்? இடப்பெயர்விலே பிறப்புப் பதிவு தொலைந்தவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்க அலைய வேண்டும். பழைய இல்லத்தின் முகவரியையே அவன் எழுதிக்கொடுக்கிறான். நேர்முகப் பரீட்சைக் கடிதம் அங்கே வருகிறது. புதிதாக வந்திருக்கும் பொறுப்பாளருக்கு அந்தப் பெயர் தெரியாது. கடிதம் மேசை மேலே கிடக்கிறது. பானம் பரிமாறுவோரின் தலைவர் யோசேப்பை மறந்தது இப்படித்தான் இருந்திருக்கும். அவரிடத்தில் கெட்ட எண்ணம் இருந்ததாக வேதம் சொல்லவில்லை. மறந்துவிட்டார், அவ்வளவே.

1841

ஒரே ஆண்டில் நடந்த இரண்டு காரியங்களை அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. 1841இல் இலங்கையிலே ஆங்கில ஆட்சியினர் அலைந்து திரிவோர் கட்டளைச்சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதன்படி, உரிமையாளரின் அனுமதியின்றிப் பிறருடைய விறாந்தையிலோ கொட்டிலிலோ வண்டியிலோ தங்கி, பிழைப்புக்கு வழி காட்டமுடியாதிருப்பவன் குற்றவாளி. படுக்க இடமில்லாததே பிழை. ஏன் இடமில்லை என்று சட்டம் கேட்கவில்லை. சுதந்திரம் பெற்ற பின்னும் பல தலைமுறையாக அந்தச் சட்டத்தைக் காட்டியே ஏழைகளும் பெண்களும் நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டு வந்திருக்கிறார்கள்.

அதே 1841இல் இத்தாலியின் டூரின் நகரில், யூன் மாதம் குருப்பட்டம் பெற்ற தொன் பொஸ்கோ என்ற இளங்குரு சிறைச்சாலைகளுக்குப் போய்வரத் தொடங்கினார். அங்கே அவர் கண்டது பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையான பிள்ளைகள். விடுதலையாகிப் போனவர்களே மறுபடி மறுபடி வந்தார்கள். காரணத்தைத் தேடியபோது, வெளியே போனபின் அவர்களைத் தேடுவார் எவருமில்லை என்பது விளங்கிற்று. அவ்வாண்டு டிசெம்பர் 8இல் பர்த்தலோமேயு கரெல்லி என்ற அநாதைப் பையன் ஆலயத்தின் பின்னறையில் நின்றான். பூசை உதவிசெய்யத் தெரியாதென்று அவனைக் கோயிற்பிள்ளை அடித்துத் துரத்த, குருவானவர் திருப்பிக் கூப்பிட்டு அருகில் இருத்தினார். சலேசியரின் மாபெரும் பணி அங்கேதான் தொடங்கிற்று என்று அவர்கள் இன்றும் சொல்லுவார்கள்.

ஆனால் நமக்கு வேண்டியது அதற்குப் பிந்திய கதை. தொன் பொஸ்கோ முதலில் சில பொடியன்களுக்கு வைக்கோற் பரணில் படுக்கை கொடுத்தபோது, காலையில் பார்த்தால் ஆளும் இல்லை, போர்வையும் இல்லை! நாம் என்றால் ‘இதுகளுக்கு உதவி செய்யக்கூடாது’ என்று அன்றோடு கதவை அடைத்திருப்போம். 1847 மே மாதம், ஒரு மழை இரவு, நனைந்து தெப்பமாகிய பதினைந்து வயதுப் பையன் ஒருவன் கதவைத் தட்டினான். மலைநாட்டிலிருந்து கொத்தனார் வேலை தேடி வந்தவன். கொண்டுவந்த பணம் தீர்ந்துவிட்டது. தொன் பொஸ்கோவின் தாயார் மார்கரீத்தா அம்மையார் அவனுக்குச் சூப்புக் கொடுத்தார். சமையலறையிலேயே செங்கல் அடுக்கிப் பலகை போட்டுப் படுக்கை செய்தார். போர்வை களவு போன வீடுதான் அது. ஆயினும் போர்வை கொடுத்தார். அம்மையாருக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயது.

கூரை மட்டும் போதாது என்பதையும் அவர்கள் கண்டுகொண்டார்கள். 1850களின் தொடக்கத்தில் தொன் பொஸ்கோ தம் பிள்ளைகளைத் தொழில் பழக விட்ட முதலாளிமாருடன் எழுத்திலே உடன்படிக்கை செய்தார்: பிள்ளைக்குத் தொழிலையே கற்பிக்கவேண்டும், வீட்டுவேலைக்கு ஏவக்கூடாது, ஞாயிறும் திருநாளும் ஓய்வு. கீழே குருவானவரின் கையொப்பம். அதாவது, “இவன் ஆற்ற பொடியன்?” என்ற கேள்விக்கு, “என்னுடையவன்” என்று ஒருவர் எழுதிக் கையொப்பமிட்டார்.

பெண்பிள்ளைகள்

வள்ளத்துக்குள் உறங்கும் பையனைக் கண்ணால் காணலாம். போக்கிடமற்ற பெண்பிள்ளையைக் காணமுடியாது. அவள் எப்போதும் எவருடைய வீட்டிலோதான் இருப்பாள். வீட்டு வேலைக்கு, தைத்த ஆடைத் தொழிற்சாலையின் விடுதிக்கு, அல்லது பதினெட்டு நிறையும் முன்னமே அவசரக் கலியாணத்துக்குப் போய்விடுவாள். கலியாணம் ஆனதும் ‘பிரச்சினை தீர்ந்தது’ என்று நாம் பெருமூச்சு விடுகிறோம். அடி வாங்கினால் திரும்பிப்போக அவளுக்குத் தாய்வீடு இல்லை என்பது கணவனுக்கும் தெரியும்.

மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக்கை நாம் மறக்கலாகாது. அவருக்கு ஏழையானாலும் வீடும் பெற்றோரும் இருந்தார்கள். அப்படியிருந்தும், வீட்டின் வறுமையைப் போக்க, 2005இல் பதினேழு வயதில், வயதைக் கூட்டி எழுதிய கடவுச்சீட்டோடு சவூதி அரேபியாவுக்கு வேலைக்காரியாக அனுப்பப்பட்டார். போய்ச் சில வாரங்களில், அவர் கவனிப்பில் இருந்த குழந்தை இறந்தது. பால் கொடுக்கும்போது புரையேறியதென்று அவர் தரப்புச் சொல்லிற்று, கொலையென்று தீர்ப்பாகியது. உலகமெங்கும் எழுந்த மன்றாட்டுகளையும் மீறி 2013 சனவரி 9இல் அவர் உயிர் பறிக்கப்பட்டது. யோசேப்புக்குப் பதினேழு வயது என்று தொடங்கினோம். றிசானாவுக்கும் அதே வயதுதான். அவருக்கு முப்பதாவது வயது வரவேயில்லை.

சமயம் வேறு என்று இக்கதையைத் தள்ளிவைப்பவர் நற்செய்தியின் நல்ல சமாரியனையும் தள்ளிவைக்கவேண்டியவராவார்.

திருச்சபை கேட்ட கேள்வி

1987ஆம் ஆண்டை வீடற்றோருக்கு உறைவிடம் அளிக்கும் சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அனுசரித்தது. அந்த யோசனையை 1980இல் அச்சபையில் முன்வைத்தவர் அன்றைய இலங்கைப் பிரதமர் பிரேமதாசா என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. உலகுக்கு வீட்டைப் பற்றி இலங்கை எடுத்துச் சொன்ன அந்த ஆண்டிலே நமது மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்கள் முகாம்களில் இருந்தன. அவ்வாண்டு டிசெம்பர் 27இல் உரோமையின் நீதி சமாதான ஆணைக்குழு வெளியிட்ட ஏட்டின் தலைப்பே ஒரு கேள்வி: வீடற்ற உன் சகோதரனுக்கு நீ என்ன செய்தாய்? காயினிடம் கடவுள் கேட்ட கேள்வியின் சாயல் அதில் தெரிகிறதன்றோ? வீடின்மை தனி மனிதரின் துரதிர்ஷ்டமன்று, சமூக அமைப்பின் பிழை என்று அவ்வேடு எடுத்துரைத்தது. பாப்பரசர் பிரான்சிசும் 2019இல் இளைஞருக்கு எழுதிய மடலிலே, இன்றைய இளையோர் பலர் அநாதையராய் உணருகிறார்கள் என்றும், நமது நிறுவனங்கள் அவர்களுக்கு வீடாக மாறவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

பிற நாடுகள் சில இதனைச் சட்டமாகவே செய்துள்ளன. இங்கிலாந்திலே இல்லங்களை விட்டு வெளியேறும் இளைஞருக்கென 2000இல் தனிச் சட்டம் வந்தது. 2017இன் சட்டம் ஆலோசனை உதவியை 25 வயது வரை நீட்டியது. இந்தியாவின் 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டமும் பதினெட்டுக்குப் பிந்திய பராமரிப்பை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 2009இல் ஏற்ற வழிகாட்டு நெறிகள், வெளியேறும் நாளுக்கு வெகு முன்னரே பிள்ளையை ஆயத்தப்படுத்தவும், வெளியேறிய பின்னும் தொடரவும் வேண்டும் என்கின்றன. சட்டம் வரட்டும், நல்லதே. அதுவரைக்கும் நாம் கைகட்டி நிற்கவேண்டியதில்லை.

ஊதாரி மைந்தனின் உவமையை எத்தனை முறை கேட்டிருப்போம்! அதிலே நாம் கவனியாத ஒன்றுண்டு. அந்தப் பிள்ளை பன்றிக் கொட்டிலில் இருந்து புத்தி தெளிந்தபோது, ‘எழுந்து போவேன்’ என்று சொல்ல அவனுக்கு ஓர் இடம் இருந்தது. வழியும் தெரியும், வாசலும் தெரியும். இல்லத்தில் வளர்ந்த பொடியன் ஒருவன் ஒரு பிழை விட்டுவிட்டு மனந்திரும்பினால் எழுந்து எங்கே போவான்? குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நாம் பத்துத் தவறுகளை மன்னித்து வளர்க்கிறோம். இவனுக்கு ஒரு தவறுக்கும் இடமில்லை.

செய்யக்கூடியவை பெரிய காரியங்களல்ல. பங்கு அலுவலகம் அத்தகைய ஒருவனுக்குக் கடிதம் வந்து சேரும் முகவரியாக இருக்கலாம். வாரம் ஒருமுறை அவன் வந்து கேட்டுப் போவான், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று ஒருவர் தேடுவார். அறை வாடகைக்குப் பிணை நிற்க வின்சன்ட் டி போல் சபையினர் ஒரு சிறு நிதி ஒதுக்கலாம். அச்சபையை 1833இல் தோழர்களோடு தொடங்கியபோது ஓசனாமுக்கு வயது இருபதுதான் என்பதை இளைஞர் மன்றத்தார் குறித்துக்கொள்ளட்டும். தொழிற்பயிற்சிக்கு இடம் எடுத்துக் கொடுப்பவர்கள், பயிற்சி முடிந்து மாலையில் அவன் எங்கே போவான் என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும். பயிற்சியை இடையில் விட்டவன் சோம்பேறியாகத்தான் இருப்பான் என்பதில்லை, இரவுக்கு இடமில்லாதவனாகவும் இருக்கலாம். கார்த்திகை, மார்கழி மாதங்களுக்கு மாத்திரமாவது பங்கு மண்டபத்தின் ஒரு மூலையைத் திறந்துவிட முடியாதா? திறப்பு யாரிடம் இருப்பது, பாய் தொலைந்தால் யார் பொறுப்பு என்று கூட்டத்தில் வாக்குவாதம் வரும். வரட்டும். மார்கரீத்தா அம்மையாரின் போர்வைகளும் தொலைந்தன.

எல்லாவற்றுக்கும் முந்தியது, பிள்ளையை இல்லத்துக்கு அனுப்பாமலே காப்பது. ஒரு தாய் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதற்குப் படிவம் தேடி வரும்போது, அவளுக்கு எது குறைகிறது என்று முதலில் கேட்போம். சில வேளை அது ஒரு சோடிச் சப்பாத்தும் பஸ் காசுமாக இருக்கும். பதினெட்டுக்குக் குறைந்த பிள்ளை ஒன்று தெருவிலோ வேலைத்தலத்திலோ ஆபத்தில் இருப்பதைக் கண்டால், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எவரும் தொலைபேசியில் அறிவிக்கலாம். இதற்குக் காசு அறவிடப்படுவதில்லை. வேலைக்கு அமர்த்தும் ஆகக்குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டதை முதலாளிமாரான நம் பங்கு மக்கள் சிலருக்கும் நினைவூட்டவேண்டியிருக்கிறது.

கூட்டத்துக்கு

இம்மாத இளைஞர் மன்றக் கூட்டத்தில் தொடக்க நூல் 37, 39, 40 ஆகிய அதிகாரங்களை வாசித்தபின், மூவர் மூவராகப் பிரிந்து பேசுங்கள். நமது பங்கின் எல்லைக்குள் இரவில் வேலைத்தலத்திலேயே படுப்பவர் யார் யார்? அவர்களுள் நமக்குப் பெயர் தெரிந்தவர் எத்தனை பேர், ‘அந்தப் பொடியன்’ என்று மட்டும் தெரிந்தவர் எத்தனை பேர்? நம் வீட்டில் அறை இருந்தும் வாடகைக்குக் கொடுக்க மறுத்தோமா, என்ன காரணம் சொன்னோம்?

பின்பு அயலிலுள்ள சிறுவர் இல்லப் பொறுப்பாளரிடம் முன்கூட்டிக் கேட்டு, வருகிற நத்தாருக்குள் பதினெட்டு வயது நிறைவோரின் விபரத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் சம்மதமும் வேண்டும். ஒரு தாளிலே இடப்பக்கம் அவர்களின் பெயரை எழுதுங்கள். வலப்பக்கம், நத்தார் அன்று பகல் அவர் எந்த வீட்டில் இருந்து சாப்பிடுவார் என்று அந்த வீட்டுக்காரரின் பெயரை எழுதுங்கள். எழுத எவரும் முன்வராத இடத்தை வெறுமையாகவே விட்டு, தாளைக் கூட்டக் குறிப்பேட்டில் ஒட்டி, பங்குத் தந்தையிடம் ஒப்படையுங்கள்.